மஞ்சள் நாற்பத்தொன்று

மார்ச் 4, செவ்வாய்

பேத்தி வாலு எட்டரைக்கே ஆபீஸ் கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டே மூன்றாம் தடவையாகச் சொன்னாள்: "பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் மூணு மவுஸையும் லேசா ஆட்டு பாட்டி. வேற எதையும் தொட்டுடாத."

ஆட்டாவிட்டால் மிஷின் தூங்கிவிடும். தூங்கினால் ஓடிக்கொண்டிருக்கிற சோதனை பாதியில் செத்துப்போகும். தூங்காதே என்று அதனிடமே சொல்லி வைக்கக் கூடாதா என்று கேட்டேன். அந்த இடத்தை ஆபீஸ்காரர்கள் பூட்டி வைத்திருக்கிறார்களாம். ஆகையால் நான். சாப்பாட்டு மேசை மேல் மூன்று மிஷின், மூன்று மவுஸ், எதிரில் கடிகாரம். நாங்கள் இரண்டு பேரும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்து ஒரு மாதமாகிறது.

ஓடி முடிந்தால் கடைசி வரியில் எண்கள் வரும். எழுதி வை என்று அவள் சொல்லவில்லை. சும்மா உட்கார எனக்கு வராது. எழுதுகிறேன்.

மூத்தவள்: பச்சை 340.
நடுவள்: பச்சை 252, சிவப்பு 88.
சின்னவள்: பச்சை 128, சிவப்பு 212.

மிஷின்களுக்குப் பெயர் நான் வைத்ததுதான். ஒரே வீட்டுக்கு வந்த மூன்று மருமகள் மாதிரி இருக்கிறதுகள். முகம் ஒன்று போலத்தான், குணம் மூன்றும் மூன்று தினுசு.

இந்த மாதக் கடைசிக்குள் சிவப்பு இருக்கக் கூடாது. இருந்தால் வேலை இல்லை. முன்னே இரண்டு கம்பெனி இவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டன. ஒன்றை இழுத்து மூடினார்கள், இன்னொன்றில் ஆள் குறைத்தார்கள். இது மூன்றாவது. இருநூற்றுப் பன்னிரண்டு எங்கே, சைபர் எங்கே.

மார்ச் 6, வியாழன்

கீழ்வீட்டுத் தையல்காரி கேட்டாள், உன் பேத்தி அப்படி என்னதான் பண்ணுகிறாள் என்று. சொன்னேன். எனக்கே தெளிவாக இருக்கட்டும் என்று இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

சின்னச் சின்ன கிளினிக்குகளில் நோயாளிகள் டாக்டரிடம் சொல்வதை எல்லாம் எழுதி வைக்க இவர்கள் கம்பெனி ஒரு சாப்ட்வேர் கொடுக்கிறது. அதை ஒரு மிஷினில் போட்டால் மட்டும் போதாது. எந்தக் கோப்பு எங்கே இருக்க வேண்டும், அதை யார் திறக்கலாம், யார் திறக்கக் கூடாது, என்றைக்கு நகல் எடுக்க வேண்டும் என்று முந்நூற்று நாற்பது அமைப்பு சரியாக இருக்க வேண்டும். இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வர முந்நூற்று நாற்பது சோதனை. இருந்தால் பச்சை. இல்லாவிட்டால் சிவப்பு.

அவற்றை எழுதிவைத்துவிட்டுப் போன மகராசன் மூத்தவளை மட்டும் பார்த்து எழுதியிருக்கிறான். மேல் தட்டில் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்கிறது சோதனை. மூத்தவள் மேல் தட்டில்தான் வைப்பாள், பச்சை. சின்னவள் கீழே மூடி போட்ட டப்பாவில் வைத்திருக்கிறாள். சர்க்கரை இருக்கிறது, ஆனால் சிவப்பு. வாலுவின் வேலை, நீ எங்கே வைத்திருக்கிறாயோ அங்கே சர்க்கரை இருக்கிறதா என்று ஒவ்வொரு கேள்வியையும் திருப்பி எழுதுவது. மூன்று ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் ஒரே கேள்வி பொருந்த வேண்டும்.

தையல்காரி கேட்டுவிட்டு, "சரி, நீ என்ன பண்ற?" என்றாள்.

நான் மவுஸை ஆட்டுகிறேன், எண்களை எழுதுகிறேன் என்றேன். அஞ்சாங்கிளாஸ் படித்தது வீண்போகவில்லை என்றும் சொன்னேன்.

"அதை ஆட்டறதுக்கு அஞ்சாங்கிளாஸ் எதுக்கு? எங்க பூனையை விட்டா நாள்பூரா ஆட்டும்" என்றாள்.

பொறாமை. அவள் மூன்றாம் வகுப்பு.

மார்ச் 10, திங்கள்

இரண்டு நாள் பாழ். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருந்ததாம். சின்னவள் தானாகப் போட்டுக்கொள்கிறாள், மற்ற இருவரும் போடுவதில்லை. ஆகையால் எழுதியது ஒன்றாகவே இருந்தாலும் ஒன்று இல்லை என்று சிவப்பு. கண்ணுக்குத் தெரியாததை எப்படித்தான் கண்டுபிடித்தாய் என்றேன். மேசை மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

சிவப்பு: நடுவள் 60. சின்னவள் 188.

மார்ச் 13, வியாழன்

இன்றைக்குக் கோடு, கோப்பு இருக்கும் இடத்தை எழுதும்போது நடுவில் போடுவது. ஒருத்திக்கு இந்தப் பக்கம் சாய வேண்டும், இன்னொருத்திக்கு அந்தப் பக்கம். ஒரு கோட்டுக்கு ஒரு நாள்.

நடுவள் 31. சின்னவள் 160.

மகள் போன் செய்தாள், வாலுவின் அம்மா. வேறு ஊரில் இருந்துகொண்டு தினமும் இதே பாட்டு: "இந்த வேலையும் போனா கூட்டிட்டு இங்க வந்துடு. அவளுக்கு ஒத்துவராத வேலைம்மா இது." வாலு பக்கத்து அறையில்தான் இருந்தாள். கேட்டிருக்கும். நான் குரலை உயர்த்தி, போகாது, நீ வேலையைப் பார் என்று வைத்துவிட்டேன். உயர்த்திச் சொன்னது மகளுக்காக இல்லை.

மார்ச் 19, புதன்

நடுவள் சைபர். சின்னவள் 97.

சிரிக்கவாவது செய் என்றேன். சின்னவளில் மிச்சமிருப்பதுதான் கஷ்டமானதெல்லாம் என்றாள். பல் வேறு வலிக்கிறது அவளுக்கு. கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டே தட்டுகிறாள்.

மார்ச் 24, திங்கள்

சின்னவள் 41. காலையிலும் 41, மதியம் 41, மாலை 41.

எல்லாம் ஒரே வகை. எந்தக் கோப்பை யார் திறக்கலாம் என்ற கேள்வி. மூத்தவளும் நடுவளும் அதை மூன்றே எண்ணில் சொல்லிவிடுவார்கள். சின்னவளிடம் எண்ணே கிடையாது, பெயர்ப்பட்டியல் வைத்திருக்கிறாள். நாற்பத்தொன்றையும் புதிதாக எழுத வேண்டும். ஒன்றுக்கு அரை நாள் என்று வாலு சொன்னாள். நான் மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாட்கள் ஏழுதான் இருக்கின்றன.

மார்ச் 26, புதன்

இன்று சின்னவளில் சிவப்பு இல்லை! திரையில் முதலில் பார்த்தது நான்தான். சமையலறையில் இருந்தவளைக் கூப்பிட்டேன், ஓடிவருவாள் என்று. மெதுவாகத்தான் வந்தாள்.

பச்சை 299, மஞ்சள் 41.

மஞ்சள் என்றால் என்னவென்று கேட்டேன். "இப்போதைக்குக் கேட்காம தாண்டிப் போன்னு எழுதியிருக்கேன். ஒரு சிவப்பு இருந்தாக்கூட மத்தது எதையும் மேல போகவிடாது பாட்டி, கதவைச் சாத்திடும். மஞ்சளுக்குச் சாத்தாது. நாளைக்குப் பல்லைப் புடுங்கிட்டு வந்து ஒவ்வொண்ணா எழுதறேன்."

மஞ்சள் பரவாயில்லையா என்றேன். இப்போதைக்குப் பரவாயில்லை என்றாள்.

பரவாயில்லை என்பதுதான் என் காதில் நின்றது.

மார்ச் 27, வியாழன்

பெரிய நாள்.

வாலு பத்து மணிக்குப் பல் டாக்டரிடம் போனாள். போனைச் சார்ஜில் போட்டுவிட்டு மறந்து போய்விட்டாள். பதினொன்றே கால் இருக்கும், மணி அடித்தது. அவளுடைய மேலாளர். எடுத்து, பேத்தி பல் டாக்டரிடம் போயிருக்கிறாள், நான் பாட்டி என்றேன். இவ்வளவு பெரிய மனிதர் மரியாதையாகத்தான் பேசினார்.

"பாட்டிங்களா? ரிசல்ட் ஏதாவது சொல்லிட்டுப் போனாங்களா?"

சொல்லிவிட்டு வேறு போக வேண்டுமா, நானே பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன் என்றேன். சிரித்தார். சிவப்பு எத்தனை என்று கேட்டார்.

"ஒண்ணுகூட இல்ல" என்றேன்.

"மூணுலயுமா?"

"மூணுலயும்."

ரொம்ப நல்லது பாட்டி, பெரிய பாரம் இறங்கியது என்றார். என் பேத்தியால் ஒரு மனிதருக்குப் பாரம் இறங்கியது. அதை என் வாயால் சொன்னேன். தையல்காரியிடம் போய் இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்தேன். மகளுக்கும் போன் போட்டேன்.

வாலு கன்னம் வீங்கி, வாயில் பஞ்சோடு வந்து படுத்துவிட்டாள். அவரே நாளைக்கு அவளைக் கூப்பிட்டுப் பாராட்டட்டும் என்று நானாக ஒன்றும் சொல்லவில்லை. முகத்தைப் பார்க்க வேண்டும்.

மார்ச் 28, வெள்ளி

பாராட்டுக் கடிதம் காலையில் வந்தது. ஊரிலுள்ள எல்லா கிளினிக்குக்கும் புதிய சாப்ட்வேர் அனுப்பியாகிவிட்டது, நன்றி என்று. படித்ததும் அவள் என் பக்கம் திரும்பினாள். யார் சொன்னது என்றாள். நான்தான் என்றேன், சிரித்துக்கொண்டே.

"மஞ்சள் சொன்னியா?"

"அவர் மஞ்சள் கேக்கலையே."

திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். வெளியில் நின்று கேட்டேன். சின்னவளில் நாற்பத்தொன்று கேட்கப்படவே இல்லை என்று இவள் நாலைந்து தடவை சொன்னாள். எழுதி அனுப்புகிறேன் என்றாள். அப்புறம் சரி சார், சரி சார்.

வெளியே வந்தவளிடம் என்ன சொன்னார் என்று கேட்டேன். எழுதாதே, நீ எழுதினால் நானும் பதில் எழுத வேண்டியிருக்கும், அடுத்த தடவை சேர்த்து அனுப்பிக்கொள்ளலாம் என்றாராம்.

நீ எழுதத்தானே வேண்டும் என்றேன். "பாட்டின்னு ஒருத்தங்க கம்பெனி மிஷின் முன்னால உக்காந்திருந்தாங்கன்னா எழுதறது? யாரும் தொடக்கூடாதுன்னு கையெழுத்துப் போட்டுத்தான் மூணையும் வாங்கிட்டு வந்தேன்."

எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால்? தெரிந்திருந்தாலும் போனை எடுத்திருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 2, புதன்

வாலுவுக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார்கள். மஞ்சளை யாரும் கேட்கவில்லை. இவள் மதியம் சாப்பிடுகிற நேரத்தில் ஒன்றிரண்டாக எழுதுகிறாள். நான் ஆட்டுகிறேன். இப்போது எங்களுக்குள் பேச்சு குறைந்துவிட்டது.

மஞ்சள் 39.

ஏப்ரல் 9, புதன்

மஞ்சள் 36. சிவப்பு 1.

ஒன்றுதானே, கோடோ எழுத்தோ இருக்கும் என்றேன். இல்லை என்று தலையாட்டினாள். கேள்வி சரி, பதில்தான் சிவப்பு. உண்மையான சிவப்பு. சின்னவளில் அந்தக் கோப்பை யார் வேண்டுமானாலும் திறக்கலாம். டாக்டர் மட்டும் பார்க்க வேண்டியதை வாசலில் டோக்கன் கொடுக்கிறவரும் பார்க்கலாம். போன மாதக் கடைசியிலிருந்து அப்படித்தான் இருக்கிறது.

எத்தனை இடத்தில் என்று கேட்டேன். சின்னவள் மாதிரி மிஷின் வைத்திருக்கும் கிளினிக் இருபத்துமூன்று இருக்கிறதாம். எல்லாம் சின்ன இடம், பழைய மிஷினை வைத்து ஓட்டுகிறவர்கள்.

மேலாளருக்குப் போன் செய்தாள். மே மாதம் சேர்த்து அனுப்பலாம் என்றார். இவள் சரி சார் என்றாள்.

நான் மட்டும் யோக்கியமா? நானும் அடுப்பைப் பார்க்கப் போனேன்.

ஏப்ரல் 10

மஞ்சள் 35, சிவப்பு 2.

ஏப்ரல் 14, திங்கள்

மஞ்சள் 32, சிவப்பு 5. நீயே அந்த கிளினிக்குகளைக் கூப்பிட்டுச் சொல்லிவிடேன் என்றேன். கம்பெனியைத் தாண்டி வெளியே பேசக் கூடாது என்று அதற்கும் தனியாகக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள் என்றாள். எத்தனை கையெழுத்துத்தான் போட்டாளோ.

ஏப்ரல் 22, செவ்வாய்

நடந்துவிட்டது.

ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற ஆள், தன் உறவுக்காரப் பெண் ஒருத்தி டாக்டரிடம் சொன்னதை மிஷினில் திறந்து படித்திருக்கிறான். அவள் யாருக்கும் சொல்லாதது. அம்மாவுக்குக்கூடச் சொல்லாதது. அவன் போய் அவள் கணவன் வீட்டில் சொல்லியிருக்கிறான். அந்தப் பெண் இப்போது அந்த வீட்டில் இல்லை. எங்கே இருக்கிறாள் என்று ஆபீஸில் யாருக்கும் தெரியவில்லை. அது அவர்கள் கேள்வியும் இல்லை. அவர்கள் கேள்வி, யார் மஞ்சள் போட்டது.

என்ன சொல்லியிருப்பாள் டாக்டரிடம்? எழுதக் கூடாது. யோசிக்கவும் கூடாது. யோசித்தால் நானும் திறந்து படித்த மாதிரிதான்.

ஏப்ரல் 24, வியாழன்

விசாரணை முதல் நாள். வாலு வந்து பையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். என் நோட்டை எடுத்து மார்ச் பக்கங்களைத் திருப்பிப் பார்த்தாள்.

மேலாளர் அங்கே எல்லார் முன்னாலும் சொன்னாராம்: இருபத்தேழாம் தேதி வாலுவே தன்னிடம் போனில் சொன்னாள், மூன்றிலும் எல்லாம் சரி என்று.

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"நான்தான் பேசினேன்னு சொல்ல வேண்டியதுதானே. பல் டாக்டர் சீட்டு இருக்கு. நீ அங்க இருந்தன்னு நேரம் போட்டிருக்கும்."

"அப்போ மிஷின் முன்னால யார் இருந்தாங்கன்னு அடுத்த கேள்வி பாட்டி."

அப்படி வருகிறது. அவர் பொய் சொல்கிறார், அது பொய் என்று இவளால் சொல்ல முடியாது. நோட்டில் எல்லாம் இருக்கிறது. இருநூற்றுப் பன்னிரண்டிலிருந்து நாள்நாளாக இவள் குறைத்தது, மஞ்சள் எத்தனை என்று மறைக்காமல் எழுதியது, அவர் கேட்டது, நான் சொன்னது. தேதியோடு இருக்கிறது. ஆனால் கையெழுத்து என்னுடையது.

ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் என் கையெழுத்தைத் தூக்கிப் பிடித்து வகுப்புக்கே காட்டினார். யாருடையது என்று சந்தேகமே வராத கையெழுத்து என்றார்.

ஏப்ரல் 28, திங்கள்

வாலுவிடம் மருந்துக்கடைக்கு என்று சொல்லிவிட்டு அவள் ஆபீஸுக்குப் போனேன். இரண்டு பஸ். நோட்டைத் துணிப்பையில் வைத்து, அந்தப் பையை இன்னொரு பையில் வைத்திருந்தேன்.

கண்ணாடிக் கதவு. உள்ளே போக அட்டை வேண்டும் என்றான் காவலாளி. மேலாளரைப் பார்க்க வேண்டும், அவருடன் போனில் பேசியிருக்கிறேன் என்றேன். அவர் கீழே இறங்கி வந்தார். நான் நினைத்ததைவிடச் சின்ன வயது. கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டு அவரே எடுத்துவந்து கொடுத்தார். கோபத்தோடு போனவளுக்கு அந்தத் தண்ணீரை என்ன செய்வதென்று தெரியவில்லை. குடித்தேன்.

நோட்டைக் காட்டினேன். மார்ச் இருபத்தேழைப் படித்தார். மறுபடி படித்தார்.

"நீங்க தப்பா எதுவும் சொல்லல பாட்டி. சிவப்பு இல்லைன்னுதான் சொன்னீங்க. நான்தான் கேட்டிருக்கணும்."

அதை மேலே வந்து சொல்லுங்கள் என்றேன்.

அவர் நோட்டை மூடி இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இதை மேல கொண்டுபோனா எனக்கும் வேலை போகும், அது நியாயம்தான். அவங்களுக்கு வேலையோட முடியாது. நோயாளிங்க சாப்ட்வேரைச் சோதிக்கிற மிஷின்ல வெளியாள் கைவச்சாங்கன்னு எழுதுவாங்க. அப்புறம் இந்தத் தொழில்ல ஒருத்தர் அவங்களை உள்ள விடமாட்டாங்க. இப்போன்னா தப்புப் பண்ணிட்டாங்கன்னு மட்டும் இருக்கும். யோசிச்சுக்கோங்க."

உண்மைதான் சொன்னார். அந்த உண்மை அவருக்கும் வசதியாக இருந்தது. இரண்டும் எனக்குத் தெரிந்தது. திட்ட ஒரு வார்த்தை கிடைக்கவில்லை, எனக்கு!

வெளியாள். பிறந்த மூன்றாம் நாளிலிருந்து அவளைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியவள்.

மருந்து வாங்காமல் வந்துவிட்டேன். அவள் கவனிக்கவில்லை. அல்லது கவனித்தும் கேட்கவில்லை.

மே 1, வியாழன்

சொல்லிவிட்டேன், ஆபீஸுக்குப் போனதை. தெரியும் என்றாள். காவலாளி சொல்லியிருக்கிறான்.

"நோட்டை என்ன பண்ணப் போற?" என்றாள். நீ சொல்வதைச் செய்கிறேன் என்றேன். அவள் சொன்னாள்: "ஒன்பதாம் தேதி சிவப்பு வந்தப்போ எனக்குத் தெரியும் பாட்டி. பதிமூணு நாள் இருந்துச்சு. நீ சொன்ன பொய்யும் இல்ல, அவர் சொன்ன பொய்யும் இல்ல. அந்தப் பதிமூணு நாள் என்னோடது."

என்னோடதும்தான் என்றேன்.

மே 9, வெள்ளி

கடிதம் வந்தது. ஒரு பக்கம்கூட இல்லை. சோதனைகளை உரிய அனுமதியின்றித் தாண்டச் செய்ததற்காகப் பணியிலிருந்து நீக்கம். முழுக்கப் பொய் இல்லை என்பதுதான் அதில் கொடுமை.

மே 12, திங்கள்

இரண்டு ஆட்கள் வந்து மூன்று மிஷினையும் எடுத்துப் போனார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒட்டியிருந்த எண்ணை வாசித்துச் சரிபார்த்தார்கள். மவுஸ் மூன்றையும் எண்ணி வாங்கிக்கொண்டார்கள்.

மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பழக்கம் விட்டுப்போயிருந்தது. பாதியில் வாலு தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மே 20, செவ்வாய்

இரண்டு இடத்தில் வேலைக்குக் கேட்டுப் பார்த்தாள். பழைய கம்பெனியைக் கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். இரண்டு இடத்திலும் சொல்லவில்லை.

தையல்காரி படி ஏறி வந்து சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். பூனையைப் பற்றிப் பேசவில்லை. என்னைக் கேலி செய்யாமல் போனது எனக்கு என்னவோ போல் இருந்தது.

மே 29, வியாழன்

மகள் இந்தத் தடவை பாடவில்லை. வீடு ஒழித்து வைத்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னாள். வருகிற மாதம் முப்பதாம் தேதி இந்த வீட்டைக் காலி செய்கிறோம். வாலு வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

ஆபீஸில் வாலுவோடு வேலை பார்த்த பெண் போன் செய்தாள். தடித்த கண்ணாடி போட்டிருப்பாள், கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். வாலுவின் வேலையை இப்போது அவளிடம் கொடுத்திருக்கிறார்கள். பாவம், நல்ல பெண். அழுதுவிடுகிற குரலில் பேசினாள். வாலு ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

சோதனை எல்லாம் பச்சையாகிவிட்டதாம். ஆபீஸில் கைதட்டினார்களாம்.

மஞ்சள் எத்தனை என்று நான் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மஞ்சளும் இல்ல பாட்டி."

சின்னவளிலுமா என்றேன். அந்தப் பெயர் அவளுக்குப் புரியவில்லை, வாலு எடுத்துச் சொன்னாள்.

"அதைப் பட்டியல்லேர்ந்து எடுத்துட்டாங்க. இனிமே அந்த வகை மிஷினுக்கு நாம கொடுக்கறதே இல்லைன்னு முடிவு பண்ணிட்டாங்க. ரெண்டுதான் இப்போ. ரெண்டும் பச்சை."

வாலு துணியை வைத்துவிட்டாள். ஏற்கனவே போட்டுக்கொடுத்த இடங்களில் என்ன ஆகும் என்று கேட்டாள்.

"பிரச்சினை வந்த கிளினிக்ல மட்டும் ஆள் போய்ச் சரிபண்ணிட்டு வந்தாங்க. மத்த இருபத்திரண்டும் அப்படியே இருக்கும். பழைய மிஷினை மாத்திக்கச் சொல்லிக் கடிதம் போயிருக்கு. திறந்து கிடக்குன்னு அதுல எழுதல."

வாலு சிரித்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு நான் கேட்ட சிரிப்பு. கேட்காமலே இருந்திருக்கலாம்.

எல்லாம் பச்சையாம்.

ஜூன் 5, வியாழன்

வாலு காலையிலிருந்து ஒரு தாளில் கிளினிக்குகளின் பெயர்களை எழுதுகிறாள். ஞாபகத்திலிருந்து. அடித்து, திருத்தி, மறுபடி எழுதி. இருபது தேறியது. மீதி இரண்டு வரவில்லை.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாயே என்றேன்.

"எடுக்கறதுக்கு என்கிட்ட இன்னும் என்ன இருக்கு?"

ஜூன் 9, திங்கள்

ஐந்து இடத்துக்குப் போன் செய்தாள். நீங்கள் யார், எந்தக் கம்பெனி என்று கேட்கிறார்கள். இப்போது எந்தக் கம்பெனியும் இல்லை என்று இவள் உண்மையைச் சொல்கிறாள். வைத்துவிடுகிறார்கள். ஒருவர் போலீஸில் சொல்வேன் என்றார்.

ஜூன் 11

நாலு இடம். இல்லை.

ஜூன் 13

மூன்று. இல்லை. ஒரு பொய் சொல்லித் தொலையேன் என்றேன். மாட்டேன் என்றாள்.

ஜூன் 16, திங்கள்

பதின்மூன்றாவது இடம், ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டாள். எடுத்தது வாசலில் உட்காரும் பெண், டோக்கன் கொடுப்பவள். டாக்டர் வர நேரமாகும், என்ன விஷயம் என்றாள். வாலு சொன்னாள். அந்தப் பெண் வைக்கவில்லை. பேனா எடுத்துக்கொள்கிறேன், மெதுவாகச் சொல்லுங்கள் என்றாள்.

எதைத் திறக்க வேண்டும், எந்தப் பட்டியலில் எந்தப் பெயரை எடுக்க வேண்டும் என்று வாலு ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். நடுவே ஆட்கள் வந்தார்கள், டோக்கன் கொடுத்துவிட்டு வந்தாள். ஐம்பது நிமிடம் ஆகியிருக்கும். கடைசியில், இப்போது திறந்து பாருங்கள் என்றாள் வாலு.

"திறக்க மாட்டேங்குது."

"அவ்வளவுதான். சரியாயிடுச்சு."

அந்தப் பெண் போனை வைப்பாள் என்று பார்த்தேன், வைக்கவில்லை.

"இது நான் பார்க்கக்கூடாததா?" என்றாள். "நான் தினமும் படிச்சுக்கிட்டிருந்தேனே அக்கா. எல்லார்க்கும் அப்படித்தான்னு நினைச்சேன்."

யாரிடமாவது சொன்னாயா என்று வாலு கேட்கவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்தப் பெண்ணாக வைக்கிற வரைக்கும் இருந்தாள். பிறகு தாளில் அந்தப் பெயரை அடித்தாள்.

இன்னும் கூப்பிடாதது ஏழு இருக்கிறது. போனை வைத்துவிட்ட பன்னிரண்டும், ஞாபகம் வராத இரண்டும் இருக்கிறது.